தட்டின் அடியில் ஊதா தெரிந்தால் அது பனாமா வாடல் பூசணம்தானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிக்கொள்கிறேன். வாடல் நோய் கண்ட ரஸ்தாளி வாழையிலிருந்து ஒரு பூசணத்தைப் பிரித்தெடுத்து உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகாரில் வளர்த்திருக்கிறீர்கள். ஏழாம் நாள் மேலே வெள்ளைப் பஞ்சு, அடியில் ஊதா. மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்ன ஒற்றைச்செல் வித்துகள் ஏராளம். அரிவாள் வடிவ வித்து ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஐ.டி.எஸ் என்ற டி.என்.ஏ பகுதியின் வரிசையை, தரவுத்தளத்தோடு ஒப்பிடும் பிளாஸ்ட் கருவியில் போட்டால் ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரத்தோடு 99.8 சதவீதம் பொருந்துகிறது. அதே மாதிரியிலிருந்து வந்த இன்னொரு தட்டில் க்ரீம் நிறத்தில் வேறொன்று வளர்கிறது. 'ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் எஃப். எஸ்பி. கியூபென்ஸ்' (பனாமா வாடல் பூசணத்தின் முழுப் பெயர்) என்று ஆய்வேட்டில் எழுதிவிடச் சொல்கிறார் உங்கள் வழிகாட்டி. எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம். அது கியூபென்ஸ் ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த நீளமான பெயரின் கடைசிச் சொல்லுக்கு உங்கள் தட்டில் ஆதாரமே கிடையாது. அந்த ஆதாரம் வாழைக் கன்றில்தான் கிடைக்கும். அதற்கு முன்னால் 'ஆக்ஸிஸ்போரம்' என்ற நடுச் சொல்லுக்கே இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது.

முதலில் அந்த ஊதா நிறத்தைப் பார்ப்போம். ஆக்ஸிஸ்போரம் ஊதா காட்டும், சரி. ஃபியூசேரியம் வெர்டிசிலியாய்டஸும் ஊதா காட்டும், புரொலிஃபெரேட்டமும் காட்டும். இவையெல்லாம் வாழையில் கிடைக்கக்கூடியவைதான். போதாததற்கு, ஒரே பூசணம் ஒரு தடவை காய்ச்சிய ஊடகத்தில் கருநீலமாகவும் அடுத்த தடவை வெறும் வெள்ளையாகவும் நிற்கும். உருளைக்கிழங்கு மாறினால், வெளிச்சம் மாறினால், அகார் கம்பெனி மாறினால் நிறமும் மாறும். 200 கிராம் உருளைக்கிழங்கு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் என்று அளந்து போட்டாலும் கிழங்குக்குக் கிழங்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. நிறம் சந்தேகத்தைக் கிளப்பலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது.

அரிவாள் வித்து ஏன் இல்லை என்பதற்கும் அதே ஊடகம்தான் காரணம். அதில் சர்க்கரை அதிகம். வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்தால் ஃபியூசேரியம் இழை இழையாகப் பெருத்துக்கொண்டே போகும், ஒழுங்கான அரிவாள் வித்துகளை, அதாவது பெருவித்துகளை, போடாது. போட்டாலும் கோணல்மாணலாக இருக்கும், அளந்து பயனில்லை. வித்து பார்க்க வேண்டுமென்றால் பட்டினி போட வேண்டும். அதற்கு இரண்டு ஊடகங்கள். ஒன்று எஸ்.என்.ஏ: ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 0.2 கிராம், சுக்ரோஸ் 0.2 கிராம், மற்றதெல்லாம் உப்புகள். உறைந்த தட்டின் மேல் ஆட்டோகிளேவ் செய்த ஃபில்டர் பேப்பர் துண்டு ஒன்றிரண்டைப் போட்டு வையுங்கள், அதன் ஓரத்தில் வித்து நன்றாகக் கட்டும். இன்னொன்று கார்னேஷன் இலைத் துண்டு போட்ட வெறும் நீர் அகார். அந்த இலைத் துண்டுகளின் மேல் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் குவியல்கள் வரும். அவைதான் ஸ்போரோடோக்கியம். உங்களுக்கு வேண்டிய அரிவாள்கள் ஒரே சீராக, அளக்கத் தோதாக அதில்தான் கிடைக்கும். கார்னேஷன் இலையை காமா கதிர் காட்டிச் சுத்திகரிப்பது வழக்கம். அந்த வசதி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. அதனால் எஸ்.என்.ஏ போதும் என்பது என் கட்சி. 25 டிகிரி, 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியை ஒட்டிய புற ஊதா தரும் 'பிளாக் லைட்' குழல்விளக்கு இருந்தால் இன்னும் வேகமாக வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: ஒற்றை வித்திலிருந்து வளர்த்த கல்ச்சரா அது? நீங்கள் சொல்லவில்லை. ஒரே மாதிரியிலிருந்து இரண்டு விதம் வந்திருக்கும்போது அந்த வெள்ளைத் தட்டிலும் இரண்டு கலந்திருக்காது என்று எப்படிச் சொல்வது? நீர் அகாரில் வித்துக் கரைசலை மெல்லப் பரப்பி, தட்டைச் சாய்த்து வைத்து, மறுநாள் காலை ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். முளை விட்ட வித்து தனியாக ஒன்று நிற்கும். அதை மட்டும் ஊசி முனையில் அகாரோடு கிள்ளி எடுத்து மாற்றுங்கள். அரை மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் செய்த எல்லா அளவையும் எல்லா வரிசையையும் பிறகு தூக்கிப்போட வேண்டி வரலாம்.

இப்போது மைக்ராஸ்கோப்புக்கு வருவோம். பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன். ஆய்வில் சேர்ந்த புதிதில் வாழைத் தண்டிலிருந்து எடுத்த ஒரு கல்ச்சருக்கு 'ஆக்ஸிஸ்போரம்' என்று லேபிள் ஒட்டி, படம் எடுத்து, அளவுகளையும் அட்டவணை போட்டு வைத்திருந்தேன். லாக்டோபீனால் காட்டன் ப்ளூ சாயத்தில் போட்டு, கவர் ஸ்லிப் அழுத்திப் பார்த்த ஒவ்வொரு ஸ்லைடிலும் ஒற்றைச்செல் வித்துகள் சிதறிக் கிடந்தன. ஆங்காங்கே உருண்டையாகப் பருத்த செல்களும் தெரிந்தன. கிளாமிடோஸ்போர் (தடித்த சுவருள்ள உறங்கும் வித்து) இருக்கிறது, ஒற்றைச்செல் நுண்வித்து இருக்கிறது, வேறென்ன வேண்டும்? ஆய்வகத்தில் பல வருஷமாக ஊடகம் காய்ச்சிக்கொண்டிருந்த ஓர் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "கவர் ஸ்லிப்ப எடுத்துட்டுப் பாருங்க சார்" என்றார். எஸ்.என்.ஏ தட்டையே மூடி திறந்து மேடையில் வைத்து, 10எக்ஸ் லென்ஸில், தண்ணீர் எதுவும் விடாமல் பார்த்தோம். ஜெபமாலை மாதிரி மணி மணியாக வித்துச் சங்கிலிகள் காற்றில் நின்றுகொண்டிருந்தன. வெர்டிசிலியாய்டஸ். ஒரு சொட்டுத் திரவம் பட்டதும் சங்கிலி உதிர்ந்து சிதறிவிடும். நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தது உதிர்ந்த மணிகளை. கிளாமிடோஸ்போர் என்று நான் எண்ணியது வெறும் வீங்கிய இழைச் செல்கள். அந்த இனத்துக்குக் கிளாமிடோஸ்போரே கிடையாது.

அதனால் உங்கள் தட்டையும் முதலில் அப்படியே, நனைக்காமல் பாருங்கள். அந்தத் தட்டு காற்றுப்பட்டுக் கெடும், ஆகவே பலிகொடுக்கத் தனியாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஆக்ஸிஸ்போரம் என்றால் சங்கிலி இருக்காது. குட்டையான காம்பின் நுனியில் வித்துகள் ஈரமாக ஒட்டிக்கொண்டு பனித்துளி மாதிரி ஓர் உருண்டையாக நிற்கும். பொய்த்தலை என்று சொல்வது அதைத்தான். அந்தக் காம்பு எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். குட்டையாக, இழையின் பக்கவாட்டில் முளைத்த முள் மாதிரி இருந்தால் ஆக்ஸிஸ்போரம். நெட்டையாக ஒல்லியாக நீண்டு, அதன் நுனியில் துளி நின்றால் ஃபியூசேரியம் சொலானி பக்கம் யோசியுங்கள். ஒரே காம்பில் இரண்டு மூன்று வாய்கள் திறந்திருந்தால், அதோடு சங்கிலியும் இருந்தால், புரொலிஃபெரேட்டம்.

இதைப் பார்த்த பிறகு ஸ்லைடு போட்டு அளவெடுங்கள். நுண்வித்து முட்டை அல்லது சிறுநீரக வடிவில் 5 முதல் 12 மைக்ரான் நீளம் இருக்கும். பெருவித்து லேசாக வளைந்து, சுவர் மெல்லியதாக, பெரும்பாலும் 3 குறுக்குச் சுவர்களோடு, 27 முதல் 46 மைக்ரான் வரை வரும். அதன் அடிச்செல்லைக் கவனியுங்கள், பாதம் மாதிரி ஒரு மடிப்பு தெரியும். கிளாமிடோஸ்போர் வர இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும். தடித்த சுவரோடு, தனியாகவோ ஜோடியாகவோ, இழையின் நுனியிலோ நடுவிலோ இருக்கும். சுவர் தடிப்பு தெரியாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். என் கதையை மேலே படித்தீர்கள்.

அந்த க்ரீம் நிறத் தட்டு பெரும்பாலும் சொலானி தொகுதியைச் சேர்ந்ததாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நோய் வந்து அழுகத் தொடங்கிய வாழைக் கிழங்கில் அது சாவகாசமாக வந்து குடியேறும். உறுதியாகச் சொல்ல அதையும் எஸ்.என்.ஏவில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அது உங்கள் மாதிரியைப் பற்றி ஒன்று சொல்கிறது: கிழங்கிலிருந்தோ, ரொம்ப முற்றிய தண்டிலிருந்தோ எடுத்திருக்கிறீர்கள். அடுத்த முறை கிழங்கை விடுங்கள். தண்டை நீளவாக்கில் பிளந்தால் செம்பழுப்புக் கோடுகளாக நார்கள் தெரியுமே, அழுகல் எட்டாத உயரத்திலிருந்து அந்த நார்களை மட்டும் உரித்தெடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்துப் பாக்டீரியா பெருகிவிடும். காகிதத்தில் சுற்றி நிழலில் உலர்த்துங்கள். அப்புறம் ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சுருக்கமாக அலசி, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஊடகத்தில் வையுங்கள். வேறு பூசணங்களின் தொல்லை அதிகமென்றால் கோமடா ஊடகம் இருக்கிறது. ஆக்ஸிஸ்போரத்துக்காகவே 1975இல் வந்தது.

சரி, டி.என்.ஏ. 99.8 சதவீதம் என்றதும் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். பூசணங்களுக்குப் பொதுவான அடையாளப் பகுதி ஐ.டி.எஸ். ஆனால் ஃபியூசேரியத்தில் அது மோசமான சாட்சி. நெருங்கிய இனங்களுக்கிடையே அதில் வேறுபாடு மிகக் குறைவு. சில இனங்களில் ஐ.டி.எஸ்-2 பகுதி ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வடிவங்களில் இருப்பதும் 1990களிலேயே தெரிந்துவிட்டது. இன்னொரு வேடிக்கை: பொது டி.என்.ஏ தரவுத்தளமான ஜென்பேங்கில் அந்தப் பெயரைப் போட்டவர்களில் பலர் உங்களைப் போலவே ஐ.டி.எஸ்ஸை மட்டும் பார்த்துப் போட்டவர்கள். அவர் இவரைப் பார்த்தும், நீங்கள் அவரைப் பார்த்தும் பெயர் வைத்தால் பிழை பரம்பரையாக இறங்கிவிடும். பிளாஸ்ட் பட்டியலில் முதல் வரியோடு நிறுத்தாமல் ஐம்பதாவது வரி வரை கீழே இறங்கிப் பாருங்கள். அதே சதவீதத்தில் வேறு இனப் பெயர்களும் வரிசையில் நிற்கும்.

ஃபியூசேரியத்துக்கு நம்பிக்கையான மரபணு டி.இ.எஃப்.1-ஆல்ஃபா. இ.எஃப்.1, இ.எஃப்.2 என்ற ப்ரைமர் ஜோடி போட்டால் ஏறக்குறைய 700 கார இணைகள் கிடைக்கும். முடிந்தால் ஆர்.பி.பி.2 என்ற மரபணுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொது பிளாஸ்டோடு நிற்காமல், ஃபியூசேரியத்துக்கென்றே சரிபார்த்த வரிசைகளை வைத்திருக்கும் 'ஃபியூசேரியம் ஐ.டி' தரவுத்தளத்திலும் ஒப்பிடுங்கள். வடிவமும் இதுவும் ஒத்துப்போனால் 'ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் இனத்தொகுதி' என்று தைரியமாக எழுதலாம். தேர்வாளர் என்ன கேட்டாலும் பதில் இருக்கும்.

ஆனால் கியூபென்ஸ்?

இங்கே கொஞ்சம் பழைய கதை வேண்டும். 1935இல் வோலன்வெபரும் ரைன்கிங்கும் ஃபியூசேரியத்தை 65 இனங்கள், 55 வகைகள், 22 வடிவங்கள் என்று பிரித்து வைத்தார்கள். இனம் காண்பவனுக்குத் தலை சுற்றும். அமெரிக்காவில் ஸ்னைடரும் ஹான்சனும் 1940களில் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி ஒன்பது இனமாக்கினார்கள். வாடல் நோய் தரும் பூசணங்களெல்லாம் மைக்ராஸ்கோப்பில் ஒரே மாதிரி இருப்பதால் எல்லாம் ஆக்ஸிஸ்போரம்தான், எந்தப் பயிரைத் தாக்குகிறது என்பதை மட்டும் பின்னொட்டாகச் சொல்லலாம் என்றார்கள். வாழையைத் தாக்கினால் கியூபென்ஸ், தக்காளியைத் தாக்கினால் லைக்கோபெர்சிசி, பருத்தியைத் தாக்கினால் வாஸின்ஃபெக்டம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவனும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகள் உழைத்தது இந்தக் கடைசிப் பூசணத்தின் மேல்தான். பருத்திச் செடிக்குள் அது சுரக்கும் ஃபியூசாரிக் அமிலம் செடியை எப்படி வாட்டுகிறது என்று பார்த்தார்கள். ஆக, பின்னொட்டு என்பது உருவத்துக்கு வைத்த பெயரல்ல, நடத்தைக்கு வைத்த பெயர். கியூபென்ஸ் என்று எழுதினால் 'இது வாழையை வாட்டும்' என்று நீங்கள் சாட்சி சொல்கிறீர்கள்.

வாழைக்குள்ளிருந்து எடுத்ததுதானே, பிறகென்ன என்று கேட்பீர்கள். ஆக்ஸிஸ்போரத்தில் பாதகமில்லாதவை நிறைய உண்டு. மண்ணில் இருக்கும், வேருக்குள் இருக்கும், ஆரோக்கியமான மரத்திலும் இருக்கும், ஒன்றும் செய்யாது. செத்துக்கொண்டிருக்கும் மரத்திலிருந்து எடுத்ததாலேயே கொன்றது இதுதான் என்று ஆகிவிடாது. சம்பவ இடத்தில் நின்றவனையெல்லாம் குற்றவாளி என்று எழுதிவிட முடியுமா?

ஆகவே கன்றில் போட்டுப் பார்க்க வேண்டும். திசு வளர்ப்பு ரஸ்தாளிக் கன்றுகள், இரண்டு மூன்று மாத வயது, ஆட்டோகிளேவ் செய்த மண். பூசணத்தைச் சோள மணியில் வளர்த்து வேரடியில் கலக்கலாம். அல்லது மில்லிக்கு 10 லட்சம் வித்து இருக்கும் கரைசலில் வேரை அரை மணி நேரம் முக்கி நடலாம். பூசணம் படாத கன்றுகளும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அவற்றையும் அதே மாதிரி வெறும் நீரில் முக்கி நட வேண்டும். அப்புறம் பொறுமை. ஆறிலிருந்து எட்டு வாரம் போகட்டும். அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை மாதிரி தொங்கினால் நல்லது. தொங்காவிட்டாலும் கன்றைப் பிடுங்கிக் கிழங்கை வெட்டிப் பாருங்கள், செம்பழுப்பு உள்ளேதான் முதலில் தெரியும். அந்தப் பழுப்பிலிருந்து மறுபடி பூசணத்தை எடுத்து, அது நீங்கள் போட்டதேதானா என்று மறுபடி பாருங்கள். ஒரு நோய்க்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்று நிரூபிக்கக் கோக் சொன்ன நிபந்தனைகளில் பலரும் சொகுசாக விட்டுவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். இத்தனையும் தேறினால் கியூபென்ஸ் என்று எழுதுங்கள், யாரும் கை வைக்க முடியாது. சோதனை முடிந்ததும் மண், தொட்டி, கன்று எல்லாவற்றையும் ஆட்டோகிளேவ் செய்யுங்கள். கல்லூரித் தோட்டத்து ஓரத்தில் கொட்டிவிட வேண்டாம். அந்தக் கிளாமிடோஸ்போர்கள் வருஷக்கணக்கில் மண்ணில் காத்துக் கிடக்கும்.

ரேஸ் பற்றி, அதாவது எந்த வாழை ரகங்களைத் தாக்கும் என்று பார்த்துப் பிரிக்கும் உட்பிரிவு பற்றி, நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தேர்வாளர் கேட்பார். ரேஸ் 1 ரஸ்தாளி, கற்பூரவள்ளி போன்றவற்றைத் தாக்கும். மத்திய அமெரிக்கப் பக்கத்தில் க்ரோ மிஷெல் வாழை வணிகத்தைச் சாய்த்ததும் அதுதான். ரேஸ் 4 கேவண்டிஷ் வகையையும் தாக்கும், அதில் வெப்பமண்டலப் பிரிவுதான் டி.ஆர்.4. இந்தியாவில் அது பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பதிவாகியிருக்கிறது. ரேஸை நிறத்தாலும் சொல்ல முடியாது, வித்து அளவாலும் சொல்ல முடியாது. தேனிப் பக்கம் கேவண்டிஷ் தோட்டங்களில் வாடலை உண்டாக்கிய பூசணத்தை ரேஸ் 1 என்று 2010இல் பதிவு செய்தார்கள். அப்படியென்றால் தாக்கிய ரகத்தை வைத்து மட்டும் ரேஸ் சொல்வதும் சிக்கல்தான். உடல் பொருத்தக் குழு என்று ஒரு முறை உண்டு. குளோரேட் ஊடகத்தில் நைட்ரேட்டைப் பயன்படுத்த முடியாத திரிபுகளை எடுத்து, தெரிந்த குழுக்களின் திரிபுகளோடு தட்டில் எதிரெதிரே வைப்பது. சந்திக்கும் கோட்டில் அடர்த்தியாக வெள்ளை வளர்ந்தால் ஒரே குழு. டி.ஆர்.4 என்றால் குழு எண் 01213/16. அழகான முறை, ஆனால் ஒப்பிடுவதற்கான திரிபுகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். டி.ஆர்.4க்கென்று பி.சி.ஆர் ப்ரைமரும் இருக்கிறது, 463 கார இணைகள் கொண்ட பட்டை வரும். பாதகமில்லாத சில பூசணங்களிலும் அந்தப் பட்டை வந்திருப்பதால், அதை மட்டும் வைத்துக்கொண்டு கூவிவிடாதீர்கள். கேவண்டிஷ் தோட்டத்து மாதிரியாக இருந்து சந்தேகம் வந்தால் நீங்களே கன்றில் போட்டுப் பார்க்கும் வேலையை வைத்துக்கொள்ளாமல் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தைக் கேளுங்கள்.

இடையில் ஒரு சுவையான விஷயம். வேகவைத்த சோற்றில் வளர்த்தால் ரேஸ் 4ஐச் சேர்ந்த சில குழுக்கள் வாசனை விடும், ரேஸ் 1 விடாது என்று அந்தக் காலத்தில் மூக்கை வைத்தே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 2019இல் ஒரு குழு டி.ஆர்.4ஐத் தனி இனமாக்கி 'ஓடோராடிசிமம்' என்று பெயரிட்டது. 'மிகுந்த வாசனையுள்ளது' என்று பொருள். எல்லாரும் அந்தப் பெயரை ஏற்கவில்லை. நீங்கள் முகர்ந்து பார்க்க வேண்டாம், வித்து மூக்குக்குள் போகும்.

வழிகாட்டியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று புரிகிறது. "சார், நீங்க சொல்றது தப்பு" என்று ஆரம்பிக்காதீர்கள். "தேர்வாளர் கன்று சோதனை கேட்டா என்ன சொல்லலாம் சார்?" என்று கேளுங்கள். அநேகமாக அவரே கன்று வாங்கக் கையெழுத்துப் போடுவார். நேரம் இல்லையென்றால் 'ரஸ்தாளி வாழையிலிருந்து பிரித்த ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் இனத்தொகுதி' என்று எழுதுவதில் எந்த அவமானமும் இல்லை. வெளி ஆளின் உறுதி வேண்டுமானால் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கல்ச்சர் சேகரிப்பும், புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தின் தேசியப் பூசணச் சேகரிப்பும் இனம் கண்டு தருகின்றன. அனுப்பும் முன் கல்ச்சர் சுத்தமாக இருக்கட்டும். தட்டின் ஓரத்திலிருந்து உள்ளே வளைந்து வளைந்து ஒரு பாக்டீரியாக் கோடு போனால் பூச்சி ஏறியிருக்கிறது என்று அர்த்தம், கல்ச்சர் மைட். ஒரு ரேக்கில் ஒரு தட்டில் ஏறினால் எல்லாத் தட்டிலும் நடந்துவிட்டு வரும். உங்கள் க்ரீம் தட்டே அப்படி வந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கேள்வியின் அடியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், மாதம் ஒருமுறை புதுத் தட்டுக்கு மாற்றி இப்போது ஒன்பதாவது தலைமுறை என்று. எனக்குப் பயமே அதில்தான். சர்க்கரை ஊடகத்தில் மாற்றி மாற்றி வளர்த்தால் ஃபியூசேரியம் கெட்டுப்போகும். ஒன்று வெறும் பஞ்சாகிவிடும், அல்லது பஞ்சே இல்லாமல் வழவழவென்று சப்பையாகப் படியும். நோய் உண்டாக்கும் திறனையும் இழந்துவிடும். அரிவாள் வித்து காணாமல் போனதற்குக்கூட இதில் பங்கு இருக்கலாம். அப்படிப்பட்டதைக் கன்றில் போட்டு நோய் வரவில்லை என்றால் அது பாதகமில்லாததா, ஆய்வகத்தில் பல் போனதா என்று யாராலும் சொல்ல முடியாது. முதல் இரண்டு தலைமுறைச் சாய்வுக்குழாய் ஏதாவது குளிர்பெட்டியின் மூலையில் கிடக்கிறதா என்று நாளைக்கே தேடுங்கள். கிடைத்தால் ஒற்றை வித்து எடுத்து, ஊடகத்தின் மேல் சுத்தமான ஃபில்டர் பேப்பர் துண்டுகளைப் பரப்பி அதன் மேல் வளரவிட்டு, துண்டுகளை உலர்த்தி, சின்ன உறைகளில் போட்டுத் தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள். கிடைக்காவிட்டால் உலர்த்தி வைத்த வாழை நார் மிச்சம் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் தோட்டத்துக்கு இன்னொரு தடவை போக வேண்டியதுதான், இந்த முறை காகிதப் பையோடு.